போர்க்கால உக்ரைனுக்குள் செல்ல விசா: மகளின் மருத்துவப் பட்டச் சான்றிதழைப் பெற நான் நேரில் போக வேண்டுமா?

கேள்வி — பதிவர்: நாமக்கல் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் 2018-ஆம் ஆண்டு உக்ரைனின் வின்னித்சியா நகரில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தாள். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியபோது மற்ற பிள்ளைகளோடு ருமேனிய எல்லை வரை சென்று, அங்கிருந்து அரசு அனுப்பிய விமானத்தில் ஊர் திரும்பினாள். அந்த ஆண்டின் இறுதியில், நாங்கள் எவ்வளவோ தடுத்தும், படிப்பைப் பாதியில் விடமாட்டேன் என்று மறுபடியும் சென்று, 2024-இல் படிப்பை முடித்தாள். கிளம்பும் அவசரத்தில் பட்டத்தின் மூலச் சான்றிதழையும் மதிப்பெண் இணைப்பையும் அப்போஸ்டில் முத்திரையுடன் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அரசு முத்திரை) பெறாமல், தற்காலிகச் சான்றுடன் வந்துவிட்டாள். இப்போது வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வுக்கும், அதன்பின் மருத்துவ மன்றப் பதிவுக்கும் அந்த மூல ஆவணங்கள் கட்டாயம் வேண்டும்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவளை மீண்டும் அங்கே அனுப்ப மனம் ஒப்பவில்லை. எனக்கு 58 வயது, உடல்நலம் நன்றாக இருக்கிறது, ஆகவே நானே போய் வாங்கி வரலாம் என்று நினைக்கிறேன். நகரில் விசாரித்த ஒரு பயண முகவர், உக்ரைன் விசா கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வேறொருவர், மாஸ்கோ வழியாகப் போவது மலிவு என்கிறார். இரண்டையும் நம்ப எனக்குத் துணிவு இல்லை.

நான் அறிய விரும்புபவை: எந்த வகை விசா எடுக்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், காப்பீடு எப்படி இருக்க வேண்டும், எல்லையில் என்ன கேட்பார்கள் என்பவை. ஆண்களை நாட்டைவிட்டு வெளியேற விடுவதில்லை என்று செய்தியில் படித்தேன். உள்ளே போன பிறகு திரும்ப வர முடியாமல் போய்விடுமோ என்பது என் மனைவியின் அச்சம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 — பதிவர்: வார்சா வாசி

வணக்கம் ஐயா. நான் போலந்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். போர் தொடங்கிய பிறகு அலுவல் காரணமாக லிவிவ் நகருக்கு மூன்று முறை சென்று வந்திருக்கிறேன். முதலில் அம்மாவின் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். நாட்டைவிட்டு வெளியேறத் தடை உள்ளது உக்ரைன் குடிமக்களான ஆண்களுக்குத்தான். 18 முதல் 60 வயது வரை என்றிருந்த அந்த வரம்பைக்கூட 2025 ஆகஸ்டில் தளர்த்தி, 22 வயது வரையிலான இளைஞர்கள் வெளியே செல்ல அனுமதித்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டில் செல்லும் உங்களுக்கு இது பொருந்தாது. உக்ரைன் குடியுரிமையும் சேர்த்து வைத்திருப்பவர்கள்தாம் கவலைப்பட வேண்டும். அவர்களை அந்த நாடு தன் குடிமக்களாகவே கருதும்.

ஆனால் உங்கள் முகவர் சொன்ன "வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் எனக்குப் பதற்றத்தைத் தருகிறது. உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. இந்தியப் பிரதமரே 2024 ஆகஸ்ட் 23 அன்று கீவ் சென்றபோது போலந்திலிருந்து இரவு ரயிலில்தான் சென்றார். ஆக, யாராக இருந்தாலும் ஓர் அண்டை நாட்டில் இறங்கி, தரைவழியாக எல்லையைக் கடக்க வேண்டும். அந்த அண்டை நாட்டுக்குள் நுழையவும் உங்களுக்கு விசா வேண்டும். போலந்து, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நான்கும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் செல்லக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஏற்பாட்டில் உள்ளவை. ருமேனியா 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லைகளிலும் அந்த ஏற்பாட்டில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசாவோடு போலந்தில் இறங்கி, அங்கிருந்து உக்ரைனுக்குள் போய்விட்டால், அந்த விசா அதோடு தீர்ந்தது. அதில் இன்னும் நாட்கள் மிச்சமிருந்தாலும் திரும்பி வரும்போது அதைக் காட்டி உள்ளே வர முடியாது. எனக்குத் தெரிந்த தெலுங்கு நண்பர் ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டு, லிவிவ் நகரிலேயே அறை எடுத்துத் தங்கிப் புதிய விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார். வெளியே சைரன் ஒலிக்க, கையில் பணம் குறைய, அவர் தினமும் தொலைபேசியில் பேசியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு முறை அல்லது பலமுறை நுழைவு என்று குறிப்பிட்டு, உக்ரைனிலிருந்து திரும்பி வரும் பயணத்துக்கான ஆதாரத்தையும் இணையுங்கள். விசா ஒட்டி வந்ததும் முதல் வேலையாக, நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 என்று இருக்கிறதா, 2 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விசா இல்லாமலேயே நம் மாணவர்களை எல்லையில் உள்ளே விட்டார்களே என்று சிலர் இப்போதும் கேட்கிறார்கள். அது போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக அந்த வாரங்களில் செய்யப்பட்ட விலக்கு. சுமார் 22,500 இந்தியர்கள் அப்படி வெளியேறி, ஆபரேஷன் கங்கா எனும் அரசின் மீட்பு நடவடிக்கை மூலம் ஊர் சேர்ந்தார்கள். இன்று தானாக விரும்பிச் செல்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

எந்த விசாவை முதலில் எடுப்பது என்பதும் முக்கியம். வழிப்பயணம் என்று சொல்லி ஷெங்கன் விசா கேட்டால், போய்ச் சேரும் நாட்டில் நுழைய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று தூதரகம் பார்க்கும். எனவே முதலில் உக்ரைன் விசா, அதன்பின் ஷெங்கன். இரண்டுக்கும் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டியிருப்பதால், உக்ரைன் விசாவின் செல்லுபடிக் காலத்தைப் போதிய இடைவெளி விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் ஷெங்கன் விசா கைக்கு வரும் நாளில் உக்ரைன் விசா முடிந்திருக்கும்.

பயண வழியைப் பொறுத்தவரை, போலந்தின் எல்லை நகரமான ப்ஷெமிஷ்லிலிருந்து லிவிவ், கீவ் செல்லும் ரயில்கள் நம்பகமானவை. கடவுச்சீட்டு, சுங்கச் சோதனைகளை அந்த ரயில் நிலையத்திலேயே முடித்துவிடுவார்கள். பேருந்தில் சென்றால் மெடிகா போன்ற சாலைச் சாவடிகளில் எத்தனை மணி நேரம் நிற்க நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மறுமொழி 2 — பதிவர்: காப்பீட்டுப் பணியாளர், கோவை

காப்பீடு பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் என் தொழில் அது, இதில் குடும்பங்கள் ஏமாறுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தப் பாலிசி ஷெங்கன் நாடுகளுக்கு உள்ளே மட்டும் செல்லும்படி எழுதப்பட்டிருந்தால், எல்லைக் கோட்டைத் தாண்டிய நொடியில் அது வெறும் காகிதம். உக்ரைனில் தங்கும் நாட்களுக்கு அந்த நாட்டில் செல்லுபடியாகும் காப்பீடு தனியாக வேண்டும். விசா விண்ணப்பத்துடனும் கேட்பார்கள், எல்லையிலும் கேட்கக்கூடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் விற்கப்படும் வழக்கமான பயணக் காப்பீட்டுப் பாலிசியின் விலக்குகள் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். போர், படையெடுப்பு, அயல்நாட்டுப் பகைவரின் செயல், அறிவிக்கப்பட்டாலும் அறிவிக்கப்படாவிட்டாலும் நிகழும் சண்டைகள், உள்நாட்டுப் போர் ஆகியவற்றால் நேரும் எந்த இழப்புக்கும் பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். அதாவது, வின்னித்சியாவில் உங்களுக்கு மாரடைப்பு வந்தால் பணம் கிடைக்கலாம்; ஏவுகணைச் சிதறல் பட்டால் கிடைக்காது. போகும் இடத்தின் ஆபத்து எதுவோ, அதையே விலக்கி வைத்திருக்கும் காப்பீட்டை வாங்கிக்கொண்டு, நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

போர் அபாயத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் பாலிசிகள் உக்ரைன் நிறுவனங்களிடமும், பத்திரிகையாளர்கள், தொண்டுப் பணியாளர்களுக்குக் காப்பீடு தரும் சில ஐரோப்பிய நிறுவனங்களிடமும் உண்டு. வாங்கும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: ராணுவத் தாக்குதலால் ஏற்படும் காயத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள், அந்நாட்டின் எந்த மாகாணங்கள் விலக்கப்பட்டுள்ளன, அசம்பாவிதம் நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்பவை. கடைசிக் கேள்வியைக் கேட்கவே மனம் கூசும். விமானமே இறங்காத நாட்டிலிருந்து அந்தச் செலவு எத்தனை மடங்காகும் என்று நினைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அரசு செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்திய நாட்டுக்குச் சென்றால் பொறுப்பில்லை என்ற வாசகமும் சில பாலிசிகளில் இருக்கும். கீவில் உள்ள நம் தூதரகம் 2022 அக்டோபர் 19 அன்று, மாணவர்கள் உட்பட இந்தியர்கள் கிடைத்த வழிகளில் உக்ரைனை விட்டு வெளியேறுமாறு அறிவுறுத்தியது. நீங்கள் கிளம்பும் காலத்தில் நடைமுறையில் உள்ள அறிவுறுத்தல் என்ன என்பதைத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பாலிசி வாங்குங்கள்.

மறுமொழி 3 — பதிவர்: கடலூர் கப்பல்காரர்

மாஸ்கோ வழி பற்றி ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். ரஷ்யாவுக்கு மின்விசா எளிதில் கிடைப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். ரஷ்யாவிலிருந்தோ பெலாரஸிலிருந்தோ உக்ரைனுக்குள் வெளிநாட்டவர் நுழையத் திறந்த சாவடி கிடையாது. ரஷ்யா வழியாகக் கிரிமியாவுக்குள்ளோ, ஆக்கிரமிக்கப்பட்ட கிழக்குப் பகுதிகளுக்குள்ளோ போவது உக்ரைன் சட்டப்படி சட்டவிரோத நுழைவு. பல ஆண்டுகளுக்கு அந்நாட்டில் நுழையத் தடை விதிப்பார்கள். இதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் உண்டு. வேலை, படிப்பு என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட விவகாரத்தில் 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. போர் நடக்கும் இரண்டு நாடுகளையும் ஒரே பயணத்தில் இணைக்கும் முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள் ஐயா.

மறுமொழி 4 — பதிவர்: தெர்னோபில் முன்னாள் மாணவி

வணக்கம் அப்பா. உங்கள் மகளைப் போலவே நானும் போர்க்காலத்தில் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தவள். விசா பற்றிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு, நீங்கள் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்கிறேன்.

குறுகிய காலத் தங்கலுக்கு உரியது சி வகை விசா. 180 நாட்களில் 90 நாட்கள் வரை அதில் தங்கலாம். படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர்கள் எடுப்பது டி வகை. அதை வைத்துக்கொண்டு உள்ளே போய் போஸ்வித்கா எனப்படும் தற்காலிக வசிப்பு அட்டையைப் பெறுவோம். உங்களுக்கு வேண்டியது சி வகை. சுற்றுலா என்று நோக்கம் எழுதாதீர்கள். போர் நடக்கும் நாட்டுக்குச் சுற்றுலா என்று எழுதினால் தூதரகத்திலும் கேள்வி வரும், எல்லையிலும் வரும். மகளின் ஆவணங்களைப் பெறுவதற்காக இன்னார் வருகிறார் என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவிலிருந்து முத்திரையிட்ட கடிதம் வாங்கி, அதையே நோக்கத்துக்கான சான்றாக இணையுங்கள். தங்குமிட ஏற்பாடு, செலவுக்குப் போதிய பணம், திரும்பும் பயணம் ஆகியவற்றின் சான்றுகளையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் வைத்திருப்பது மட்டும் போதாது. எல்லையில் எனக்குச் சார்ஜ் தீர்ந்து, குளிரில் நடுங்கியபடி யாரிடமோ பவர் பேங்க் கெஞ்சி வாங்கினேன்.

எல்லைக் காவலர் கைரேகை எடுப்பார், எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று கேட்பார், சில சமயம் கைப்பேசியையும் பார்ப்பார். விசா இருந்தாலும் உள்ளே விடுவதா இல்லையா என்ற இறுதி முடிவு அவருடையது; ராணுவச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் அவரோடு வாதாடுவதில் பயனில்லை. அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் 90 நாட்களுக்கு ஒருமுறையாக நீட்டித்துக்கொண்டே வருகிறது. உள்ளே சென்ற பிறகு கடவுச்சீட்டு எப்போதும் உடலோடு இருக்க வேண்டும். இரவில் ஊரடங்கு உண்டு, நேரம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ரயில் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால் விடியும் வரை நிலையத்திலேயே இருந்துவிடுங்கள். சோதனைச் சாவடி, ராணுவ வண்டி, தாக்குதல் நடந்த இடம் எதையும் படம் எடுக்கக் கூடாது. கீவில் உள்ள நம் தூதரகம் 2022 மே மாதம் வார்சாவிலிருந்து மீண்டும் கீவுக்குத் திரும்பியது. போனவுடன் அங்கே பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வின்னித்சியா மாகாணம் மால்டோவாவோடு எல்லையைப் பகிர்வதால், வரைபடத்தைப் பார்த்தால் அந்த வழி குறுகியதாகத் தோன்றும். மால்டோவாவுக்கும் நுழைவு அனுமதி வேண்டும் என்பதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த எல்லையின் ஒரு பகுதி டிரான்ஸ்னிஸ்ட்ரியா எனும் பிரிவினைவாதிகள் கட்டுப்பாட்டுப் பகுதியை ஒட்டியது. அந்தப் பக்கச் சாவடிகளை உக்ரைன் போரின் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. வாடகை வண்டிக்காரர் குறுக்கு வழி என்று சொன்னால் ஏறாதீர்கள். முதல்முறை செல்பவருக்கு வார்சாக்காரர் சொன்ன ப்ஷெமிஷ்ல் ரயில்தான் நல்லது என்பது என் கருத்து.

இனி என் கேள்வி. வின்னித்சியா போர்முனையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது என்று உங்கள் மகள் ஆறுதல் சொல்லியிருப்பாள். அதே நகரின் நடுவில் 2022 ஜூலை 14 அன்று பட்டப்பகலில் ஏவுகணைகள் விழுந்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தவிர்க்க முடிந்த பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்று உங்கள் மகளின் இடத்திலிருந்து கேட்கிறேன்.

என்னுடைய மூல ஆவணங்களை நான் நேரில் வாங்கவில்லை. ஊரிலிருந்தே அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினேன். நோட்டரி முன் கையெழுத்திட்டு, மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். அப்போஸ்டில் உடன்படிக்கையில் உக்ரைன் 2003 முதலும் இந்தியா 2005 முதலும் உள்ளதால் அந்த முத்திரையை அங்கே ஏற்கிறார்கள். அங்கே உள்ள ஒரு வழக்கறிஞர் பத்திரத்தை உக்ரைன் மொழியில் பெயர்த்து நோட்டரியிடம் சான்று பெற்று, பல்கலைக்கழகத்தில் பட்டத்தை வாங்கி, கீவில் கல்வி அமைச்சகத்தின் வழியாக அப்போஸ்டில் இடுவித்துக் கூரியரில் அனுப்பினார். இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது, பணமும் செலவானது. இரண்டு விசா, காப்பீடு, பயணச்சீட்டு எல்லாம் சேர்ந்தால் ஆகும் தொகையைவிடக் குறைவுதான்.

பத்திரத்தில் பட்டத்தைப் பெறுவது, அப்போஸ்டிலுக்கு விண்ணப்பிப்பது, கூரியரில் அனுப்புவது என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பெறுவதற்கு மட்டும் அதிகாரம் கொடுத்துவிட்டு, அப்போஸ்டிலுக்கு மறுபடி ஒரு பத்திரம் அனுப்ப நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

மறுமொழி 5 — பதிவர்: நாமக்கல் தந்தை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மனைவியும் மகளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு மறுமொழியையும் படித்தோம். இரண்டு முறை நுழைவு என்ற செய்தியை அந்த முகவரிடம் கேட்டபோது, அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதிகாரப் பத்திரம் அனுப்பும் வழியை முதலில் முயல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு மகள் இன்று காலை மின்னஞ்சல் அனுப்பி, அதிகாரம் பெற்ற மூன்றாம் நபரிடம் ஆவணங்களைக் கொடுப்பார்களா, பத்திரத்தின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அது நடக்காவிட்டால்தான் பயணம். அப்போது உக்ரைன் விசா, பிறகு ஷெங்கன், போர் அபாயக் காப்பீடு என்ற வரிசையில் செல்வேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. நம் வழக்கப்படி மகளின் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது, பெயர்க் கட்டத்தில் அவள் பெயரும் என் பெயரும் சேர்ந்து வருகின்றன. பத்திரத்தில் எப்படி எழுதுவது?

மறுமொழி 6 — பதிவர்: தெர்னோபில் முன்னாள் மாணவி

நல்ல வேளை, கேட்டீர்கள் அப்பா. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் அங்கே வருகிற தொல்லை இது. அவர்களுடைய பதிவேட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஓர் ஆளைப் பதிய முடியாமல், கடவுச்சீட்டில் உள்ள பெயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குடும்பப் பெயராக வைத்து, உக்ரைன் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதிவிடுவார்கள். எழுத்துபெயர்ப்பவர் மாறினால் எழுத்தும் மாறும். நம் ழகரத்தையும் ளகரத்தையும் அவர்கள் பிரித்தறிய வழியில்லை. பத்திரத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கிலப் பெயரை முழுமையாக எழுதி, கடவுச்சீட்டு எண்ணையும் பிறந்த தேதியையும் சேருங்கள். உக்ரைன் மொழிபெயர்ப்பில் வரும் பெயர் மட்டும், மகளின் பழைய போஸ்வித்காவில் உள்ள எழுத்துகளோடு ஒன்றுபோல இருக்கும்படி அந்த வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். படிக்கும் காலத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் பழைய எண்ணையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் பல்கலைக்கழகப் பதிவேட்டில் அதுதான் இருக்கும்.

மறுமொழி 7 — பதிவர்: நாமக்கல் தந்தை

போஸ்வித்கா அட்டையைத் தேடி எடுத்துவிட்டோம். தற்காலிகச் சான்றில் உள்ள பெயரோடு மகள் ஒப்பிட்டுப் பார்த்தாள். என் பெயரில் ஓர் எழுத்து வேறுபடுகிறது. இரண்டின் நகலையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, பட்டத்தில் எது அச்சாகியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். பதில் வந்த பிறகே நோட்டரியிடம் போகிறோம்.